எல்லையோரக் கல்லூரியில் கலைப்பாடம் படிக்கும் முறை

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில் தமிழ் பேசும் வீடுகளிலிருந்து பிளஸ் டூ முடித்து, வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், தமிழ், ஆங்கில இலக்கியம், தத்துவம் ஆகிய பாடங்களில் ஒன்றில் சேரவிருக்கும் மாணவர்களுக்காகவும், சேர்ந்த பின் முதல் செமஸ்டரில் என்ன செய்வதென்று புரியாமல் இருப்பவர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கலைப்பாடம் என்றால் மனப்பாடம் செய்து எழுதும் பாடம் என்று நம் வீடுகளில் பலர் நினைக்கிறார்கள். அப்படிப் படித்தும் தேர்ச்சி பெற முடியும். ஆனால் அவ்வாறு தேர்ச்சி பெற்ற மாணவரிடம் அவர் முன்பு படித்திராத ஒரு கோப்பைக் கொடுத்து, அதில் உள்ளதைச் சுருக்கி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் திகைத்துப்போகிறார். பட்டம் பெற்ற பிறகு எந்த அலுவலகத்திலும் எந்த மேற்படிப்பிலும் அவரிடம் எதிர்பார்க்கப்படும் முதல் வேலையே அதுதான்.

ஆகவே இந்த ஆண்டுகளில் பழகவேண்டியவை இரண்டு. ஒரு நூலையோ ஆவணத்தையோ பிறர் உரை இல்லாமல் தானே கேள்வி கேட்டுப் படிப்பது ஒன்று. படித்ததிலிருந்து தன் கருத்தைச் சான்றோடு எழுதுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நம் எல்லைப்புறம் மிகுந்த வாய்ப்பைத் தருகிறது. ஒரே ஆற்றைப் பற்றி இரண்டு அரசுகளின் கோப்புகள், இரண்டு மொழிச் செய்தித்தாள்கள், இரு கரை உழவர்களின் நினைவுகள் நமக்குக் கிடைக்கின்றன. நகரத்து மாணவர் இவற்றைத் தேடிப் பயணம் செய்யவேண்டும். நமக்கு அவை பேருந்து தூரத்தில் இருக்கின்றன.

பாடமும் கல்லூரியும்

கேரளத்தில் 2024–25 கல்வியாண்டு முதல் நான்காண்டு இளங்கலை முறை நடப்பில் உள்ளது. மூன்று ஆண்டில் 133 கிரெடிட் (படித்த பாட அளவைக் கணக்கிடும் அலகு) பெற்றால் பட்டத்தோடு வெளியேறலாம். நான்காம் ஆண்டையும் முடித்து 177 கிரெடிட் பெற்றால் ஆனர்ஸ் பட்டம் கிடைக்கும். இந்த முறையில் மேஜர் என்ற முதன்மைப் பாடத்தைத் தேர்வதில் மாணவர்கள் காட்டும் அக்கறையை மைனர் என்ற துணைப் பாடத்தில் காட்டுவதில்லை. நண்பர் எடுத்தார் என்பதற்காகவோ, எளிதில் மதிப்பெண் கிடைக்கும் என்று யாரோ சொன்னதற்காகவோ எடுத்துவிடுகிறார்கள். மேஜர் பாடம் எழுப்பும் கேள்விகளுக்கு விடை தேடும் கருவியாக மைனர் அமையவேண்டும் என்பது என் கருத்து. வரலாற்று மாணவருக்குப் பொருளியலோ புவியியலோ நிலத்தையும் விளைச்சலையும் வரியையும் புரிந்துகொள்ள உதவும். தமிழ் இலக்கியம் படிப்பவர் வரலாற்றையோ தத்துவத்தையோ எடுத்துக்கொண்டால், ஒரு பாடல் எந்தச் சமூகத்தில் யாருக்காகப் பாடப்பட்டது என்று கேட்கும் பழக்கம் வரும். அரசியல் அறிவியல் படிப்பவர் ஒரு மொழியை மைனராக எடுத்தால் அது வீண் என்று நினைக்கவேண்டாம். சட்டமும் அரசாணையும் மொழியால் ஆனவை.

நம் பகுதிக்கு மிக அருகில் இருப்பது 1947இல் தொடங்கப்பட்ட சித்தூர் அரசுக் கல்லூரி. தமிழ்த் துறையோடு புவியியல், தத்துவம், இசை ஆகிய துறைகளும் உள்ள கல்லூரி அது. வெளியூர்க் கல்லூரிகள் பலவற்றில் காணாத சேர்க்கை இது. பாலக்காட்டின் அரசு விக்டோரியா கல்லூரி 1866இல் பள்ளியாகத் தொடங்கிய பழைய நிறுவனம். இரண்டும் 1968இல் தோன்றிய கோழிக்கோடு பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. விண்ணப்பத்தில் ஆப்ஷன்களை வரிசைப்படுத்தும்போது, உங்கள் பாடம் எந்தத் துறையில் எத்தனை நிரந்தர ஆசிரியர்களோடு நடக்கிறது, அந்தத் துறையில் ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்களா, நூலகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்ற மூன்றையும் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

எல்லையைக் கடந்து கோயம்புத்தூருக்கோ பொள்ளாச்சிக்கோ உடுமலைக்கோ போய்ப் படிப்பவர்களும் உண்டு. அங்கே பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்றாண்டு பி.ஏ. படிப்பில் பகுதி ஒன்றாகத் தமிழ் இருக்கும்; சில பாடங்களைத் தமிழ் வழியிலேயே படிக்கலாம். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் கேரளத்தில் பெற்றவையாக இருந்தால், தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் அவை அப்படியே செல்லும் என்று நம்பிப் பணம் கட்டிவிடவேண்டாம். கேரளத்தின் ஈ-கிராண்ட்ஸ் போன்ற உதவித்தொகைகளும் எங்கே படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறக்கூடும். சேர்க்கைக்கு முன்பே வில்லேஜ் ஆபீசிலும் கல்லூரி அலுவலகத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மத்தியப் பல்கலைக்கழகங்களையும் மறந்துவிடக் கூடாது. காசர்கோட்டிலும் திருவாரூரிலும் 2009இல் தொடங்கப்பட்டவை நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.ஏ. படிப்பு இருக்கிறது. இவற்றின் இளங்கலைச் சேர்க்கைக்கு 2022 முதல் சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. அதைத் தமிழிலும் எழுதலாம் என்பது நம் ஊர் மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. பிளஸ் டூ தேர்வுக்குப் படிக்கும் காலத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கவேண்டியிருக்கும். முடிவு வந்த பிறகு விசாரித்தால் காலம் கடந்துவிடும்.

மூன்று மொழிகளுக்கு நடுவில்

வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளமும் ஆங்கிலமும் கலந்த விளக்கம், கையில் ஆங்கிலப் புத்தகம்: இதுதான் நம் மாணவரின் நாள். இதைக் குறையாக நினைத்து ஒதுங்குபவர்களே அதிகம். முறையாகக் கையாண்டால் இதுவே பலமாகும். ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதில் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத இடம் புரியாத இடம்; அங்கே திரும்பிப் போங்கள். தமிழில் சொல்ல முடிந்த பிறகே தேர்வு மொழியில் குறிப்பெழுதவேண்டும். ஆங்கில வாக்கியத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிய குறிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அச்சிட்டவருடைய குறிப்புதான்.

கலைச்சொற்களுக்குத் தனி நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு, ஆங்கிலம், மலையாளம், தமிழ் என மூன்று பத்தியாகப் பிரித்து, சந்திக்கும்போதெல்லாம் நிரப்பிவாருங்கள். தமிழில் கல்லூரிப் பாடநூல்களே இல்லை என்று பலர் சொல்வது சரியன்று. தமிழ்நாட்டில் 1960களிலும் 70களிலும் வரலாறு, பொருளியல், தத்துவம், உளவியல் முதலிய துறைகளில் பட்டப்படிப்புக்கான நூல்கள் தமிழில் அரசால் வெளியிடப்பட்டன. அவற்றில் பலவற்றைத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் மீண்டும் கிடைக்கச் செய்திருக்கிறது. தகவல்கள் பழையவை என்றாலும், ஒரு கோட்பாட்டை முதன்முதலாகப் புரிந்துகொள்வதற்கு அவை இன்றும் நல்லவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் மதுரைத் திட்டத்தின் இலக்கியத் தொகுப்பும் இலவசம்.

இதற்கு நேர்மாறான நிலையிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசியும், மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படித்ததால் தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கும், மலையாளம் வாசிக்கத் தடுமாறுபவர்களுக்கும் ஒரே பயிற்சியைச் சொல்வேன். கோயம்புத்தூர்ப் பதிப்பாக வரும் ஒரு தமிழ் நாளிதழையும் பாலக்காட்டுப் பதிப்பாக வரும் ஒரு மலையாள நாளிதழையும் வாரத்தில் ஒருநாள் அடுத்தடுத்து வைத்து, இரண்டிலும் வந்த ஒரே செய்தியை ஒப்பிட்டுப் படியுங்கள். ஆழியாற்றில் தண்ணீர் திறந்த செய்தியை எடுத்துக்கொண்டால், ஒன்று தண்ணீர் கொடுக்கப்பட்டதாகவும் மற்றொன்று தரவேண்டியது தாமதமானதாகவும் எழுதக்கூடும். யாருடைய பேட்டி வந்திருக்கிறது, எந்த எண் தலைப்பில் இருக்கிறது, எது கடைசிப் பத்தியில் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று குறித்துவாருங்கள். மொழியும் வளரும், சான்றுகளை எடைபோடும் பழக்கமும் வரும். கேரளத்தில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் கிராமத்து வாசகசாலை இருப்பதால் இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் வாசகசாலையில் தமிழ் நாளிதழ் இல்லையென்றால், பத்துப் பேர் கையெழுத்திட்டுக் கேளுங்கள்.

ஓர் ஆவணத்தைப் படிப்பது

கலைப்பாடத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால் ஓர் எடுத்துக்காட்டோடு சற்று விரிவாகச் சொல்கிறேன். தமிழ்நாடும் கேரளமும் ஆற்று நீரைப் பகிர்ந்துகொள்வதற்காகச் செய்த பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். சித்தூர்ப் பகுதி உழவர் வாயில் நாள்தோறும் வரும் பெயர் இது. ஒப்பந்தம் 1970 மே மாதம் கையெழுத்தானது. ஆனால் 1958 நவம்பரிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படும் என்று கூறுகிறது. ஆழியாற்றுப் படுகையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் அளந்து தரப்படவேண்டும் என்பது அதன் முக்கிய விதிகளில் ஒன்று. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்ற விதியும் உண்டு.

இதைப் படிக்க உட்காரும்போது தாளை நடுவில் கோடிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஆவணம் சொல்வதை மட்டும், உங்கள் கருத்து கலக்காமல் எழுதுங்கள். வலப்பக்கம் அதைப் படிக்கும்போது எழும் கேள்வியை எழுதுங்கள். இடப்பக்கத்தில் “1970இல் கையெழுத்து, 1958 முதல் நடைமுறை” என்று எழுதினால், வலப்பக்கத்தில் “பன்னிரண்டு ஆண்டு ஒப்பந்தம் இல்லாமலே வேலை எப்படி நடந்தது? அந்த நம்பிக்கையை யார் யாருக்குக் கொடுத்தார்கள்?” என்ற கேள்வி வரவேண்டும். இடப்பக்கத்தில் “7.25 டிஎம்சி, மணக்கடவில்” என்று எழுதினால், வலப்பக்கத்தில் “ஏன் மணக்கடவு? அங்கே அளப்பவர் யார்? மணக்கடவைத் தாண்டிய பின் மூலத்தறையிலிருந்து பிரியும் கால்வாய்களில் கடைமடைக்கு எவ்வளவு போகிறது என்பதை ஒப்பந்தம் சொல்கிறதா?” என்று வரவேண்டும். சொல்லாமல் விட்டதைக் கேட்கும் இந்த வலப்பக்கம்தான் உங்கள் படிப்பு. இடப்பக்கத்தை யாரும் எழுதிவிடலாம்.

ஒரே தாளைப் பல துறை மாணவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்பதையும் பாருங்கள். வரலாற்று மாணவர் 1956 மொழிவாரி மாநில அமைப்புக்கு முன் இந்த ஆறுகள் எந்தெந்த ஆட்சியின் கீழ் இருந்தன என்று தேடுவார். அரசியல் அறிவியல் மாணவர், இரண்டு மாநிலங்கள் தாமே பேசி முடித்த இந்த ஒப்பந்தத்தையும், 1990இல் தீர்ப்பாயம் அமைக்கவேண்டி வந்த காவிரிப் பூசலையும் அருகருகே வைத்து, எந்தச் சூழலில் பேச்சு நிற்கிறது, எந்தச் சூழலில் முறிகிறது என்று ஆராய்வார். புவியியல் மாணவருக்கு, சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழைமறைவில் இருப்பதும், கேரளத்தில் வேறெங்கும் காணாத கரிசல் மண் இங்கே இருப்பதும் தொடக்கப் புள்ளி. பொருளியல் மாணவர், நெல் வயல் எப்போது தென்னந்தோப்பாக மாறியது, அந்த முடிவில் தண்ணீருக்கு எவ்வளவு பங்கு, கூலிக்கு எவ்வளவு பங்கு, கள்ளுத் தொழிலுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்ப்பார். துறை என்பது வெவ்வேறு தகவல்களின் மூட்டையன்று, வெவ்வேறு கேள்விகளின் ஒழுங்கு. முதல் செமஸ்டரிலேயே இது பிடிபட்டுவிட்டால் பாடத்திட்டம் பாரமாகத் தோன்றாது.

இதே முறையில் படிக்கத்தக்க மற்றோர் ஆவணத் தொகுதியும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய கோகோ கோலா ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியது. மயிலம்மா என்ற பழங்குடிப் பெண் அதன் முகமாக அறியப்பட்டார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குக் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2003 டிசம்பரில் ஒரு விடை சொன்னார். 2005 ஏப்ரலில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதிலிருந்து மாறுபட்டது. இரண்டு தீர்ப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தத்துவமோ அரசியல் அறிவியலோ படிப்பவர் இவ்விரண்டையும் முழுமையாகப் படித்து, இரண்டும் எந்த இடம் வரை உடன்படுகின்றன, எந்த வாக்கியத்தில் பிரிகின்றன என்று பென்சிலால் கோடிட்டுப் பார்க்கவேண்டும். எதிர்த்தரப்பு வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நேர்மையாகச் சொல்லப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் அறியேன்.

எழுதுவது

வாரத்துக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். தேர்வுக்காக அன்று, அந்த வாரம் படித்த ஏதேனும் ஒன்றைப் பற்றி, முந்நூறு சொல் அளவில், ஒரே கருத்தை நிறுவும் பத்திகளாக எழுதுங்கள். முதல் வாக்கியத்தில் கருத்து இருக்கட்டும்; பின்னால் சான்று வரட்டும்; அந்தச் சான்று எவ்வாறு கருத்தை நிறுவுகிறது என்ற விளக்கம் அதற்குப் பின் வரட்டும். நம் மாணவர்கள் விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான்.

ஒரு வாக்கியத்தைப் பார்ப்போம்: “நீர்ப் பங்கீட்டினால் சித்தூர் விவசாயிகள் பெரிதும் பாதிக்கப்பட்டனர்.” விடைத்தாள்களில் இத்தகைய வாக்கியங்கள் நிறைந்திருக்கின்றன. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இதில் ஒன்றுமில்லை. எந்த விவசாயிகள், எந்த ஆண்டுகளில், எந்தப் பயிரில், எதனால் என்ற நான்கு கேள்விக்கும் விடை இல்லை. “பெரிதும்” என்ற சொல் விடையில்லாத இடத்தை மறைக்கிறது. இதே கருத்தை உழைத்து எழுதினால் இப்படி வரலாம்: “ஒப்பந்தம் கேரளத்தின் பங்கை ஆண்டுக் கணக்கில் கூறுகிறது, நெல்லுக்கோ நட்ட பின் குறிப்பிட்ட வாரங்களில் தண்ணீர் வேண்டும். ஆகவே ஆண்டு முடிவில் 7.25 டிஎம்சி நிறைவேறிய ஆண்டிலும் கடைமடை வயல் காய்ந்திருக்கக்கூடும். கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம் முடிவு செய்த காலவாரியான அளவுகளை அப்பகுதியின் பயிர்க் காலத்தோடு ஒப்பிட்டால்தான் இது தெரியவரும்.” இதில் உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் உழவர் பக்கம் நிற்க விரும்பும் மாணவர், முதல் வாக்கியத்தை விட இந்த வாக்கியங்களால்தான் அவருக்கு உதவுகிறார்.

எழுதியதை ஒருநாள் விட்டுப் படித்து, “மிகவும்”, “பல்வேறு”, “காலங்காலமாக”, “சிறந்து விளங்கியது” போன்ற சொற்களை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஆண்டு, இடம், பெயர், அளவு ஆகியவற்றில் எதை வைக்க முடியும் என்று பாருங்கள். வைக்க ஒன்றும் இல்லையென்றால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடுங்கள். பிறகு ஆசிரியரிடம் காட்டுங்கள். முழுத் திருத்தம் கேட்டால் நேரமில்லை என்று சொல்லக்கூடிய ஆசிரியரும், “இந்தப் பத்தியில் சான்று போதுமா?” என்று ஒரே கேள்வியோடு போனால் நின்று பதில் சொல்வார்.

கைடு புத்தகத்திலிருந்தோ கைப்பேசி தரும் ஆயத்த விடையிலிருந்தோ அசைன்மென்ட் எழுதுவதைப் பற்றி ஒன்றே சொல்கிறேன். இன்டர்னல் மதிப்பெண் அதனால் கிடைக்கலாம். ஆனால் எழுத எழுதத்தான் சிந்தனை உருவாகிறது. அந்த வேலையைப் பிறருக்குக் கொடுத்துவிட்டால் நீங்கள் கல்லூரிக்கு வந்த காரியம் நடக்காது.

களமும் காப்பகமும்

திட்டக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் உலகமயமாதல், பெண்ணியம், சுற்றுச்சூழல் என்று பெரிய சொற்களோடு வருகிறார்கள். தலைப்பைச் சுருக்குங்கள், ஊர், காலம், மக்கள் மூன்றும் அதில் இருக்கட்டும். மேனோன்பாறையில் இயங்கி மூடப்பட்ட கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொடுத்த குடும்பங்கள் அதன் பிறகு என்ன பயிரிட்டன என்பது நல்ல தலைப்பு. வேலந்தாவளம் சோதனைச் சாவடியைச் சுற்றி வளர்ந்த கடைகள், எல்லை கடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், ஒரே குடும்பத்தில் இரண்டு மாநில ரேஷன் முறைகள் என்று எத்தனையோ கிடக்கின்றன.

சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதத்தில் நடக்கும் கொங்கன்படைத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். கொங்கு அரசன் படையெடுத்து வந்ததாகவும் பகவதி அவனை வென்றதாகவும் சொல்லும் கதையை ஊரே நடத்திக்காட்டுகிறது. கொங்கு நாட்டோடு பெண் கொடுத்து எடுத்து, சந்தை வாணிகம் செய்து வாழும் மக்கள் நடுவில் இந்தப் போர் நினைவு எப்படி நிலைத்தது? வரலாற்று மாணவர் அந்தப் போருக்கு வேறு சான்று உண்டா என்று தேடவேண்டும். சமூகவியல் மாணவர் எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பொறுப்பு உரிமையாக வந்தது என்று கேட்கவேண்டும். கதை உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டால் ஆய்வு அங்கேயே நின்றுவிடும்.

பெரியவர்களிடம் பேட்டி காணப் போகும்போது கேள்வித்தாளை நீட்டாதீர்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், எங்கே கொடுப்பீர்கள் என்று முதலில் சொல்லி, பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். “அந்தக் காலம் எப்படி இருந்தது, ஐயா?” என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதிலே வரும். “கால்வாயில் முதல் தண்ணீர் வந்தபோது உங்கள் தோட்டத்தில் என்ன வெள்ளாமை இருந்தது, அப்பாரு? அதற்கு முன் கிணற்றில் எத்தனை ஆள் ஆழத்தில் தண்ணீர் கிடந்தது?” என்று கேட்டால் அவர் கையைக் காட்டி அளந்து சொல்வார். ஆண்டு நினைவில்லாதவரிடம் ஆண்டைக் கேட்காமல், மூத்த மகள் பிறந்ததற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நாற்று நட்ட கை யாருடையது என்பதை நினைத்து, வீட்டு ஆத்தாவிடமும் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே எழுதிவைக்கவேண்டும். பெயரை வெளியிடவேண்டாம் என்று அவர் சொன்னால், வழிகாட்டும் ஆசிரியர் கேட்டாலும் கட்டுரையில் பெயர் வரக்கூடாது.

ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் உங்கள் ஊர் 1956க்கு முன் எந்த ஆட்சியில் இருந்தது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். சித்தூர் தாலுகா 1949 வரை கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அடுத்துள்ள பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதனால் கொச்சிப் பதிவேடுகளுக்கு எர்ணாகுளம் மண்டல ஆவணக் காப்பகம், மலபார்ப் பதிவேடுகளுக்குக் கோழிக்கோடு மண்டலக் காப்பகமும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகமும் என்று வழி பிரிகிறது. சில கல் தொலைவிலுள்ள இரண்டு கிராமங்களின் கோப்புகள் இரண்டு நகரங்களில் கிடக்கும் என்பதை அறியாமல் தவறான நகரத்துக்குப் பயணச்சீட்டு எடுத்தவர்கள் உண்டு. கல்லூரி அடையாள அட்டையும் துறைத்தலைவரின் கடிதமும் எடுத்துப் போங்கள். பழைய தமிழ் இதழ்களுக்கும் அச்சு நூல்களுக்கும் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கொச்சிச் சமஸ்தானத்தின் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக எழுதிய எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவர். அவருடைய தொகுதிகளைப் படிக்கும்போது, தகவலோடு அவர் யாரிடம் கேட்டு எழுதினார், யாரைக் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

உள்ளூர் அரசு அலுவலகத்தில் தகவல் கேட்க மலையாளம் எழுதத் தெரியவில்லையே என்று தயங்கவேண்டாம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழ், கன்னடம் பேசும் மக்கள் உள்ளூர் அரசு அலுவலகங்களோடு தம் மொழியிலேயே கடிதம் எழுதிக்கொள்ள இடம் தருகிறது. சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டுப் பணிவாகத் தமிழில் எழுதுங்கள். ஒரு நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்கு, கல்லூரிகளுக்கு மின்னிதழ்களைத் திறந்துவிடும் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால் நூலகரிடம் கேட்டுக் கடவுச்சொல் பெறலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. உங்கள் தலைப்பில் முன்பே யார் என்ன எழுதினார்கள் என்று பார்க்காமல் தொடங்கவேண்டாம்.

பட்டத்துக்குப் பின்

வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசிரியப் பணிக்கு பி.எட்.டும் கே-டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வும் வேண்டும். மேல்நிலைப் பள்ளிக்கு முதுகலையும் பி.எட்.டும் செட் என்ற மாநிலத் தகுதித் தேர்வும் வேண்டும். கேரளத்தின் தமிழ் வழிப் பள்ளிகளுக்குத் தமிழில் பாடம் நடத்தத் தெரிந்தவர்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். மூன்றாண்டுச் சட்டப்படிப்பு, சமூகப்பணி, நூலக அறிவியல், இதழியல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கு எந்தக் கலைப்பாடப் பட்டமும் போதும். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் பிழையின்றி எழுதுபவர் மிகக் குறைவு என்பதால், மொழிபெயர்ப்பில் நம் பகுதி மாணவருக்கு முன்னிடம் கிடைக்கும். குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம்; தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம்.

ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர்கள் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். நான்காம் ஆண்டை ஆய்வோடு கூடிய ஆனர்ஸாகப் படிப்பதற்கு அதுவே வாசல். நான்காண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர்கள் முதுகலை இல்லாமலே நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதலாம் என்ற விதியும் 2024இல் வந்திருக்கிறது. மொழியியலிலோ ஒப்பிலக்கியத்திலோ மேலே போக விரும்பினால், ஆந்திர எல்லையில் 1997இல் தமிழ்நாடு, கேரள, கர்நாடக அரசுகளின் ஒத்துழைப்போடு நிறுவப்பட்ட குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்தையும், திருவனந்தபுரத்தில் காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையையும் விசாரியுங்கள். தமிழும் மலையாளமும் வீட்டுப் பழக்கமாகவே அறிந்த மாணவர், திராவிட மொழிகளை ஒப்பிடும் துறையில் மற்றவர்கள் பல ஆண்டு உழைத்து எட்டும் இடத்திலிருந்து தொடங்குகிறார்.

திட்டக் கட்டுரையைச் சமர்ப்பிக்கும்போது கூடுதலாக இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை உங்கள் ஊர் வாசகசாலையில் பதிவு செய்து வையுங்கள்; அடுத்த ஆண்டு அதே ஊரில் ஆய்வுக்கு வரும் மாணவர் முதலில் தேடவேண்டியது அதுதான். மற்றொன்றைப் பேட்டி தந்தவர்களிடம் கொண்டுபோய், அவர்கள் சொன்னதாக நீங்கள் எழுதிய பகுதிகளைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். அந்தத் திருத்தத்தை ஓரத்தில் எழுதித் தேதியிட்டு, துறையில் இருக்கும் பிரதியிலும் சேர்த்துவிடுங்கள்.